கமரா வாங்கிக்கொண்டு முள்ளியவளைக்குப் போனோம்

எங்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் பழைய படம் ஒன்றே ஒன்றுதான். அதுவும் தீப்பெட்டி அளவு. 2005 ஆம் ஆண்டில் தம்பி அடையாள அட்டைக்காக எடுத்தது. அம்மா அதைத் தனது கொட்டைப்பெட்டிக்குள் வெற்றிலை பாக்கோடும் சில்லறையோடும் வைத்திருந்தபடியால் தப்பியது. கல்யாண அல்பம், அப்பாவின் படம், பள்ளிக்கூடத்தில் எடுத்த குழுப்படம் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, இடம்பெயர்ந்த இடமெல்லாம் தூக்கித் திரிந்தோம். 2009 இல் அந்தப் பை எங்கே தவறியதென்று எங்களில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. தம்பியையும் அந்த ஆண்டில்தான் தவறவிட்டோம்.

வாசிக்கும் சகோதரிகளில் பலருக்கு இது புதுக்கதை அல்ல. முல்லைத்தீவுக் கரையோரம் இருந்தவர்களின் அல்பங்களை 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை கொண்டுபோனது. மிஞ்சியதை 2009 கொண்டுபோனது.

அந்தச் சின்னப் படமும் மங்கிக்கொண்டு வருகிறது. மழையும் வியர்வையும் பட்டு ஒரு பக்கத்துக் காது அழிந்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்தோம். அவர்கள் நல்லெண்ணத்தோடு தம்பிக்குக் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டு, நீலப் பின்னணி வைத்து, முகத்தையும் வெள்ளையாக்கித் தந்தார்கள். அம்மா கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "இது ஆரின்ர பிள்ளை?" என்று கேட்டா. அந்தப் பெரிய படம் அலுமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

ஆகவே, சென்ற மாசி மாதம் சீட்டு எடுத்த காசு கைக்கு வந்தபோது ஒரு கமரா வாங்குவதென்று தீர்மானித்தேன். நான் வவுனியாவில் தையல் செய்து சீவிப்பவள். அக்காவின் மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டு என்னோடு இருக்கிறாள். அம்மா முள்ளியவளையில் அக்காவோடு இருக்கிறா. நேரே போவதானால் மாங்குளம், ஒட்டுசுட்டான் வழியாகப் போய்விடலாம். ஆனால் பெறாமகளுக்குப் பறவைகளைப் படம் எடுக்க ஆசை. எனக்கும் நடந்த வழியை ஒருமுறை ஆறுதலாகப் பார்க்கவேண்டும் போல இருந்தது. எனவே கிளிநொச்சிக்குப் போய், இரணைமடுவும் சுண்டிக்குளமும் பார்த்து, பரந்தன் வீதியால் முல்லைத்தீவுக்கு இறங்கி, அம்மாவிடம் போவதென்று பயணத்தை வகுத்துக்கொண்டோம்.

கடையில் கற்ற பாடம்

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் புதுக்கமராவின் விலை எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஆனால் பாவித்த கமராக்கள் சந்தையில் தாராளமாக இருக்கின்றன. கனன், நிக்கோன் போன்ற நிறுவனங்கள் டி.எஸ்.எல்.ஆர் வகையை விட்டு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகைக்கு மாறிவிட்டன. அதனால் பலர் பழையதைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். மிரர்லெஸ் பாரம் குறைந்தது. ஆனால் பற்றரியைக் கெதியாகத் தின்றுவிடும். டி.எஸ்.எல்.ஆர் பாரம் கூடியது. ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஒருநாள் முழுக்கத் தாங்கும். எங்களுக்குப் பொருந்தியது இரண்டாவதுதான்.

கடைக்காரத் தம்பி முதலில் மெகாபிக்சல் கணக்கைத்தான் சொன்னார். "24 இருக்கு அக்கா, இது 18 தான்" என்றார். பெறாமகள் கணக்குப் போட்டுக் காட்டினாள். ஏ4 தாள் அளவில் மிகத் தெளிவாக அச்சிடுவதற்கு ஏறத்தாழ 9 மெகாபிக்சல் போதும். ஆகவே அந்த எண்ணைப் பார்த்து மயங்கவேண்டியதில்லை. பாவித்த கமராவில் பார்க்கவேண்டியவை வேறு. வில்லையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வெள்ளைச் சுவர் ஒன்றைப் படமெடுத்து, அதில் கறுப்புப் புள்ளிகள் விழுகின்றனவா என்று பார்க்கவேண்டும். பற்றரி வீங்கியிருக்கக்கூடாது. இதுவரை எத்தனை படம் எடுத்த கமரா என்பதையும் கேட்கவேண்டும். பழைய தையல் மெசின் வாங்கும்போது சக்கரத்தைச் சுற்றிப் பார்க்காமல் வாங்குவோமா? அது போலத்தான்.

அடுத்தது வில்லை. லென்ஸ் என்று கடையில் சொல்வார்கள். கமராவோடு 18-55 மி.மீ. வில்லை சேர்ந்தே வந்தது. மி.மீ. எண் சிறிதாக இருந்தால் அகலமான காட்சி விழும். பெரிதாக இருந்தால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். இன்னும் ஒரு வில்லைக்குத்தான் காசு இருந்தது. பெறாமகள் 55-250 மி.மீ. வில்லையைக் கையில் எடுத்துவிட்டாள். "சித்தி, இது இல்லாமல் பூநாரையை எப்பிடி எடுக்கிறது?" என்றாள். எனக்கு வேண்டியது 50 மி.மீ. வில்லை. அதில் பெரிதாக்கிச் சிறிதாக்க முடியாது. ஆனால் எஃப் 1.8 என்ற அளவுக்கு வாய் திறக்கும். எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது. எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மங்கலான வீட்டுக்குள் முகத்தை எடுப்பதற்கும், தம்பியின் படத்தைப் பிரதி எடுப்பதற்கும் இதுதான் சிறந்தது என்று நினைத்திருந்தேன்.

துணி வெட்டுமுன் அளவெடுத்துப் பழகிய கை அல்லவா? எனது அடையாள அட்டையை மேசையில் வைத்து, அதிலுள்ள என் சின்னப் படத்தை இரண்டு வில்லையாலும் எடுத்துப் பார்த்தேன். அப்போதுதான் நான் நினைத்தது பிழை என்று விளங்கியது. ஒவ்வொரு வில்லைக்கும் அது கிட்டப் போகக்கூடிய எல்லை ஒன்று உண்டு. அதைத் தாண்டினால் தெளிவு வராது. 50 மி.மீ. வில்லை வகையைப் பொறுத்து 35 முதல் 45 சென்ரிமீற்றர் தூரத்தில் நின்றுவிடும். சும்மா சேர்ந்து வந்த 18-55 வில்லையோ ஏறத்தாழ ஒரு சாண் தூரம்வரை போனது. 55 இல் வைத்து எடுத்தபோது அந்தச் சின்ன முகம் திரையை நிறைத்தது. 50 இல் அது நடுவில் ஒரு முத்திரை போலக் கிடந்தது. மிகக் கிட்ட எடுப்பதற்கென்றே மக்ரோ வில்லைகள் உண்டு. ஆனால் அவற்றின் விலை எங்கள் சீட்டுக் காசுக்குள் அடங்காது.

பிரதி எடுக்கும் வேலை சும்மா வந்த வில்லையாலேயே முடியும் என்றால், மிச்சக் காசுக்கு எதை வாங்குவது? அம்மாவின் முகமா, பூநாரையா? நான் அம்மாவின் பக்கம் நின்றுவிட்டேன். பெறாமகள் அன்று இரவு என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

ஏ-9 வீதியில்

விடியற்காலை பஸ் எடுத்தோம். பையில் கமரா, இரண்டு வில்லை, இரண்டு பற்றரி, 16 ஜி.பி. மெமரி காட் இரண்டு. ஒரு பெரிய காட்டைவிட இரண்டு சிறியவை நல்லது. ஒன்று பழுதானால் எல்லாம் போகாது. மழைக்கு ஒரு தடித்த பொலித்தீன் பையும் வைத்துக்கொண்டோம்.

ஓமந்தையைக் கடக்கும்போது பெறாமகளுக்குச் சொன்னேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குள் பற்றரி கொண்டுவர முடியாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். அந்த வன்னிக்குள் இப்போது கமராவுக்கு மேலதிக பற்றரி ஒன்றும் கொண்டுபோகிறோம் என்று சொல்ல, அவள் சிரித்தாள். 2002 ஏப்ரலில் இந்தப் பாதை திறந்தபோதுதான் வெளிநாட்டு உறவினர்கள் கமராவோடு வந்து எங்களைப் படம் எடுத்தார்கள். 2006 ஓகஸ்ட்டில் பாதை மறுபடியும் மூடப்பட்டது. எங்கள் அல்பத்தில் இருந்த நிறப்படங்களில் பாதி அந்த நான்கு ஆண்டுகளில் எடுத்தவை.

முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டோம். கச்சான் விற்கும் அம்மா ஒருவரைப் படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "எடுங்கோ பிள்ளை, ஆனால் எனக்குக் காட்டவேணும்" என்றா. எடுத்துக் காட்டினேன். வானம் வெளிச்சமாக, முகம் கரியாக விழுந்திருந்தது. "இதென்ன, அடுப்புக்கரி மாதிரி" என்றா. சூரியனுக்கு எங்கள் முதுகு இருக்கும்படி சுற்றிவந்து மறுபடி எடுத்தேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை என்பதைப் பத்து ரூபாய்க் கச்சான்சுருள் செய்யத் தெரிந்த அந்தக் கை எனக்குக் கற்பித்தது.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோவிலடியால் போனோம். 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது இந்தக் கோவிலின் முன்னால்தான். அம்மாவும் அக்காவும் பல நாள் வந்து இருந்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு தாயின் கையிலும் ஒரு படம். பல படங்கள் பிரதியிலிருந்து எடுத்த பிரதி. ஒவ்வொரு தரமும் கண் கொஞ்சம் மங்கி, வாய் கொஞ்சம் மங்கி, கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பிள்ளை போலத் தெரிவார்கள். படத்தோடு வந்திருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள்.

இரணைமடுவும் சுண்டிக்குளமும்

மாலையில் இரணைமடு அணைக்கட்டில் நின்றோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம். எங்கள் வயல்களுக்கு உயிர். 18 மி.மீ. இல் வைத்தபோது குளம் முழுவதும் படத்துக்குள் வந்துவிட்டது. நீர்க்காகங்கள் பட்டமரத்தில் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. வெயில் சாய்ந்த அந்த அரைமணி நேரத்தில் மலிவான வில்லைகூட நல்ல படம் தரும். உச்சி வெயிலில் எத்தனை விலையான வில்லை இருந்தாலும் எல்லாம் வெளிறிப் போகும்.

மறுநாள் பரந்தனில் ஓட்டோ ஒன்று பேசிச் சுண்டிக்குளம் போனோம். 1938 ஆம் ஆண்டிலிருந்தே பறவைகள் சரணாலயமாக இருந்த இடம். 2015 இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். கடலேரி பரந்து கிடக்கும். தூரத்தில், மிகத் தூரத்தில், இளஞ்சிவப்புக் கோடு ஒன்று. "பூநாரை!" என்று பெறாமகள் கத்தினாள். எங்கள் 55 மி.மீ. இல் அவை அரிசிமணி போல விழுந்தன. நான் குற்றவாளி போல நின்றேன். அவளோ சற்று யோசித்துவிட்டு, தண்ணீரையும் வானத்தையும் அகலமாக வைத்து, அந்த இளஞ்சிவப்புக் கோட்டை நடுவில் றிபன் போல ஓடவிட்டு எடுத்தாள். பறவையின் கண் தெரியவில்லை. ஆனால் அந்த இடம் எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. கிட்டப் போய் எடுக்கவும் வழி இல்லை. கிட்டப் போனால் பறந்துவிடும். நல்ல காட்சி தேடிப் பாதையை விட்டு இறங்குவதும் வன்னியில் கூடாது. மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்கள் இன்னும் இருக்கின்றன.

பரந்தன் வீதியால் விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று பஸ் போனது. ஒவ்வொரு பெயருக்கும் என்னிடம் ஒரு கதை இருந்தது, ஒன்றையும் சொல்லவில்லை. முள்ளிவாய்க்கால் தாண்டி வட்டுவாகல் பாலத்தில் பஸ் ஏறியது. இரு பக்கமும் தண்ணீர், நல்ல காற்று. 2009 மே மாதம் நாங்கள் நடந்து கடந்த பாலம். கமரா மடியில் இருந்தது.

"எடுக்கேல்லையோ சித்தி?"

"நீ எடு பிள்ளை. நான் பார்த்துக்கொண்டு வாறன்."

அவளும் எடுக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முள்ளியவளையில்

மறுநாள் காலை அம்மாவிடம் கொட்டைப்பெட்டியைக் கேட்டேன். "முந்தி மாதிரிக் கோட்டுப் போடமாட்டாய்தானே?" என்று கேட்டுவிட்டுத்தான் தந்தா.

வீட்டுக்குள் வெளிச்சம் போதாது. முற்றத்தில் வெயில் கூடிப்போச்சு. இரண்டுக்கும் நடுவில் விறாந்தை நிழல் சரியாக இருந்தது. உரலைக் கவிழ்த்து, அதன்மேல் படத்தைச் சுவரோடு சாய்த்து நிறுத்தினோம். முன்னால் கதிரையில் புத்தகங்களை அடுக்கி, கமராவை அதே உயரத்துக்குக் கொண்டுவந்தோம். படத்தின் மினுமினுப்பில் முற்றத்து வெளிச்சம் தெறித்தது. தையலுக்கு வைத்திருந்த கறுப்புத் துணியைப் பெறாமகள் கமராவுக்குப் பின்னால் விரித்துப் பிடித்தாள், தெறிப்பு மறைந்தது. பிளாஷ் போடவில்லை. எஃப் 8 இல் வைத்து, கை படாமல் தானாக அடிக்கும்படி இரண்டு விநாடி கொடுத்துவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எடுத்ததைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தோம். அழிந்த காது அழிந்ததுதான். ஆனால் இடது புருவத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தது. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

"பாலைப்பழத்துக்கு ஏறி விழுந்தவன்" என்றா அம்மா. "மூண்டு இழை போட்டது." பிறகு திரையைக் கையில் வாங்கி, கனநேரம் வைத்திருந்தா. "இதுதான் என்ர பிள்ளை" என்றா.

பிறகு, "என்னையும் இதோட எடு. நாளைக்கு நான் இல்லாட்டியும், இவனைத் தேடினது இன்ன ஆளெண்டு தெரியவேணும்" என்றா.

படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு இருந்தா. 50 மி.மீ. வில்லையைப் போட்டு எஃப் 1.8 இல் எடுத்தேன். அம்மாவின் முகம் அழகாக வந்தது. தம்பி மங்கிப் போனான். தம்பியில் தெளிவு வைத்தேன். அம்மா மங்கிப் போனா. துவாரம் பெரிதாகத் திறந்தால் ஒரு தூரத்தில் இருப்பது மட்டும்தான் தெளிவாகும். எனவே 18-55 ஐயே மறுபடி போட்டு, எஃப் 8 க்குக் குறைத்து, படத்தைக் கன்னத்தோடு, முகமும் படமும் ஒரே தூரத்தில் வரும்படி பிடிக்கச் சொன்னேன். இரண்டு முகமும் ஒன்றாகத் தெளிந்து வந்தன.

இந்தப் பயணத்தில் எனக்கு மிக முக்கியமான படங்கள் இரண்டும் சும்மா சேர்ந்து வந்த வில்லையால் எடுத்தவையே. 50 மி.மீ. வீணாகவில்லை. அன்றிரவு கரண்ட் போய், விளக்கு வெளிச்சத்தில் அம்மா பேத்தியோடு சிரித்துக்கொண்டிருந்ததை அதனால்தான் எடுக்க முடிந்தது. ஆனாலும் இனி யாராவது கேட்டால், கமராவோடு வரும் வில்லையை ஆறு மாதம் பாவித்துப் பாருங்கள், எது குறைகிறதென்று கண்டபிறகு மற்றதை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்களும் செய்யலாம்

கமரா இல்லாதவர்கள் கைத்தொலைபேசியாலும் இதைச் செய்யலாம். படத்தை நிழலில் நேராக வையுங்கள். தொலைபேசியைச் சரிக்காமல் படத்துக்கு நேரெதிரே பிடியுங்கள். மிகக் கிட்டப் போகாமல், சற்று விலகி நின்று இரண்டு மடங்கு பெருப்பித்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம். முகத்தை அழகாக்கும் வசதி இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அது உங்கள் பிள்ளையின் தழும்பையும் அழித்துவிடும்.

பழைய படத்தை லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டினால் பிறகு பிரிக்கமுடியாது. ஈரத் துணியால் துடைக்காதீர்கள். எடுத்த படத்தை ஓரிடத்தில் மட்டும் வைக்காமல், ஒன்றைத் தூரத்தில் உள்ள உறவினருக்கு அனுப்பி, ஒன்றை நல்ல தாளில் அச்சிட்டு வையுங்கள். ஒரே பையில் எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

"இந்த வயதில் எனக்கேன் கமரா?" என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலப் பெண்மணிக்கு முதல் கமரா 48 வயதில்தான் கிடைத்தது. அவரது மகள் கொடுத்த பரிசு. முகங்களை எடுப்பதில் உலகப் புகழ்பெற்றவர். 1875 இல் இலங்கைக்கு வந்து, இங்கேயும் படங்கள் எடுத்து, 1879 இல் இங்கேயே காலமானார். பொகவந்தலாவையில் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். எனக்கு இப்போது 47.

நாங்கள் புறப்பட இருந்த அன்று காலை, அக்காவின் வீட்டுப் படலையடியில் ஆட்கள் நின்றார்கள். அம்மா முதல்நாள் கோவிலில் சொல்லிவிட்டாவாம். ஏழு பேர். ஒருவர் புத்தகத்துக்குள் வைத்து, ஒருவர் சேலைத் தலைப்பில் முடிந்து, ஒருவர் கற்பூரப் பெட்டிக்குள் வைத்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு படத்தோடு வந்திருந்தார்கள். பெறாமகள் ஒன்றும் சொல்லாமல் போய் உரலைக் கவிழ்த்தாள். நான் கறுப்புத் துணியை எடுத்தேன். பகல் பஸ்ஸை விட்டுவிட்டுப் பின்னேர பஸ்ஸில்தான் வவுனியாவுக்குத் திரும்பினோம்.